கோழி இறகால் எழுதிய கதைகள்

ஆதியில் எங்கு பார்த்தாலும் தண்ணீராக இருந்ததாம். வானத்திலிருந்து ஒரு தேவன் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு இறங்கினானாம். கையோடு கொண்டு வந்த மண்ணை நீரின் மேல் கொட்டி, அதன்மேல் ஒரு கோழியை விட்டானாம். ஐந்து விரல் கொண்ட அந்தக் கோழி சீய்த்துச் சீய்த்து மண்ணை நாலா பக்கமும் பரப்பியது, அதுவே பூமியாயிற்று! மேற்கு ஆப்பிரிக்காவில், நைஜீரியாவில் வாழும் யொருபா மக்களின் பழங்கதை இது.

கோழிக்கு அங்கே இன்னொரு பெருமையும் உண்டு. அதன் இறகுதான் பெண்களுக்குத் தூரிகை. மரவள்ளி மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, இறகால் தொட்டு, வெள்ளைத் துணியில் சித்திரம் எழுதுகிறார்கள். காய்ந்ததும் நீலச் சாயப் பானையில் முக்குகிறார்கள். பானையிலிருந்து பச்சையாக வெளிவரும் துணி, காற்றுப் பட்டதும் நீலமாகி விடுகிறது! பல தடவை முக்கிக் காயவைத்துக் கஞ்சியைச் சுரண்டி எடுத்தால், கருநீலத்தின் நடுவே சித்திரம் வெளிர் நிறத்தில் பளிச்சென்று தெரிகிறது. இந்தத் துணிக்கு 'அடிரே' என்று பெயர்.

ஒவ்வொரு சித்திரத்துக்கும் ஒரு பெயர். ஒன்று 'ஓலோகுன்', அது கடல் தெய்வத்தின் பெயர். இன்னொன்று இபாடான் நகரின் புகழ் பாடுவது. அதில் நகர மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே கரண்டிகள் நிற்கும்! பெண்களின் கைத்தொழிலுக்கெல்லாம் காவல் 'இயா மாப்போ' என்னும் தேவி.

இந்தக் கலையை உலகறியச் செய்தவர்களில் முக்கியமானவர் நிக்கே ஒக்குன்டாயே அம்மையார். 1951-ல் ஒகிடி என்ற கிராமத்தில் பிறந்தவர். ஆறு வயதில் தாயை இழந்தார். நெசவும் சாயமும் அறிந்த கொள்ளுப்பாட்டி அவரை வளர்த்தாள். பள்ளிப் படிப்பு அதிகமில்லை. பாட்டியின் முற்றமே பள்ளிக்கூடம்.

பெரியவர்கள் பார்த்த மாப்பிள்ளை பிடிக்காமல், ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுவில் சேர்ந்துவிட்டார். பிறகு ஒஷோக்போ நகரத்து ஓவியர் ஒருவரை மணந்தார். அவருக்கோ பல மனைவியர்! சக்களத்திகள் என்றால் சண்டைதானே? நிக்கே அவர்களுக்குத் தம் கைத்தொழிலைக் கற்றுக்கொடுத்தார். கையில் தொழில் இருந்தால் காசுக்குக் கணவன் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டாம் அல்லவா?

1974-ல் அமெரிக்கா சென்று வந்தார். 1983-ல் ஒஷோக்போவில் ஒரு கலைக்கூடம் தொடங்கினார். அங்கே ஏழைப் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் பயிற்சி இலவசம். லாகோஸ் நகரில் அவர் அமைத்த ஓவியக் கூடம் ஐந்து மாடிக் கட்டடம். துணியில் எழுதிய பழைய கோலங்களை அவர் ஓவியச் சீலையிலும் வண்ணத்தில் தீட்டுகிறார். யொருபா தெய்வங்களும், கிராமத்துத் திருவிழாக்களும், சந்தைக்குப் போகும் பெண்களும் அவற்றில் உயிர் பெறுகிறார்கள்.

ஆலைத் துணி மலிவாக வந்து குவிந்தபோது, சாயப் பானைகள் பல காய்ந்து போயின. பாட்டி கண்ணை மூடினால் அவள் அறிந்த சித்திரமும் அவளோடு போய்விடும். அப்படிப் போகாமல், தான் கற்றதைப் பூட்டி வைக்காமல், கேட்டவருக்கெல்லாம் வாரிக் கொடுத்தாரே இந்த அம்மையார், அதுதான் பெரிய காரியம். தாயில்லாப் பேத்திக்கு ஒரு கிழவி தந்த சீதனம், இன்று எத்தனையோ குடும்பங்களில் அடுப்பு எரிய வைக்கிறது.