எண்ணெய்க் கப்பலுக்குக் காப்பீடு உண்டா?

ரஷ்யத் துறைமுகங்களுக்குப் போய்வரும் எண்ணெய்க் கப்பல்களைப் பால்டிக் கடலின் பின்லாந்து வளைகுடாவில் ரேடியோவில் அழைத்துக் காப்பீட்டு விவரம் கேட்பதை எஸ்தோனியா 2024இல் தொடங்கியது. 2025 ஜூலை முதல் ஸ்வீடன், தன் துறைமுகத்துக்கு வராமல் கடந்துபோகும் வெளிநாட்டுக் கப்பல்களிடமும் கேட்கிறது.

இந்த அக்கறைக்கு விதை போட்டது 1967இல் நடந்த விபத்து. சுமார் 1,20,000 டன் கச்சா எண்ணெயோடு வந்த 'டோரி கேன்யன்' இங்கிலாந்தின் தென்மேற்கில் பாறையில் மோதியது. இழப்பீடு யார் தருவது என்பதற்கு அன்று தெளிவான சர்வதேசச் சட்டம் இல்லை. அதற்கான உடன்படிக்கை 1969இல் வந்தது, 1992இல் திருத்தப்பட்டது. அதன்படி 2,000 டன்னுக்கு மேல் எண்ணெய் ஏற்றும் கப்பலுக்குக் காப்பீடு கட்டாயம். பாதிக்கப்பட்ட மீனவர் காப்பீட்டாளர் மீதே நேரடியாக வழக்குப் போடலாம்.

காப்பீடு தருபவை பெரும்பாலும் கப்பல் உரிமையாளர்கள் கூடி நடத்தும் 'பி அண்ட் ஐ' கிளப்புகள். கிளப் 'நீல அட்டை' கொடுக்கும். அதைப் பார்த்துக் கப்பலைப் பதிவுசெய்த நாடு சான்றிதழ் வழங்கும்.

சரிபார்ப்பது கப்பலின் ஐ.எம்.ஓ. (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) எண்ணை வைத்து. பெயரும் கொடியும் மாறினாலும் இந்த ஏழு இலக்கம் மாறாது. முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டினால், விடையின் கடைசி இலக்கமே ஏழாவது இலக்கம். 9074729 என்ற எண்ணில் கூட்டுத்தொகை 139, கடைசியில் 9. பெரிய கிளப்புகளின் இணையதளத்தில் இந்த எண்ணைத் தட்டினால் காப்பீடு நடப்பில் உள்ளதா என்று தெரிந்துவிடும்.

2022க்குப் பிறகு, ரஷ்யா மீதான பொருளாதாரத் தடைகளால் பல கப்பல்கள் இந்தக் கிளப்புகளை விட்டு, அதிகம் அறியப்படாத காப்பீட்டாளர்களிடம் போயின. அவர்களிடம் தாள் இருக்கும். பணம் இருக்குமா என்பதுதான் கவலை. வெறுமனே கடந்துபோகும் கப்பலைக் காப்பீட்டுக்காக மட்டும் மறிக்கக் கடல் சட்டம் எளிதில் இடம் தராது. ஆனாலும் கேட்பது வீண் அல்ல. பதில் தர மறுத்த கப்பல் எது என்று விபத்துக்கு முன்பே தெரிகிறது. தடைப் பட்டியலில் சேர்க்க அது ஆதாரமாகிறது.

காப்பீட்டாளர் கைவிரித்தால் லண்டனில் உள்ள சர்வதேச இழப்பீட்டு நிதி, ஒரு வரம்புவரை ஈடு தரும். அந்த நிதிக்குப் பணம் கட்டுபவை உறுப்பு நாடுகளில் கடல்வழி எண்ணெய் பெறும் நிறுவனங்கள். இந்தியாவும் உறுப்பு நாடு. நம் சுத்திகரிப்பு ஆலைகளும் பங்கு செலுத்துகின்றன. பால்டிக் கடலில் போலிக் காப்பீட்டோடு ஓடும் கப்பலால் வரும் செலவில் ஒரு பங்கு நம் தலையிலும் விழும். அங்கே நடக்கும் சோதனையை நாமும் ஆதரிக்க இதுவே போதுமான காரணம்.