வெளியே நிதானம், வீட்டில் ஆணை

1897 ஜனவரி 13. டர்பன் துறைமுகத்தில் 'கூர்லாண்ட்' கப்பலை விட்டு இறங்கி நடந்து வந்த காந்தியை வெள்ளையர் கூட்டம் வளைத்துக்கொண்டது. கல், முட்டை, அடி, உதை. போலீஸ் சூப்பரின்டெண்டென்ட் அலெக்சாண்டரின் மனைவி தற்செயலாக அந்தப் பக்கம் வந்து, குடையை விரித்துக் குறுக்கே நின்றிராவிட்டால் அன்றே கதை முடிந்திருக்கும். அடைக்கலம் புகுந்த பார்ஸி ருஸ்தம்ஜியின் வீட்டையும் கூட்டம் சூழ்ந்தது. இந்தியக் கான்ஸ்டபிள் வேடம் போட்டுத்தான் அங்கிருந்து வெளியேற முடிந்தது. அடித்தவர்கள் மீது வழக்குத் தொடரச் சொல்லி லண்டனிலிருந்து காலனி அமைச்சர் ஜோசப் சேம்பர்லினே தந்தி கொடுத்தார். ஆளை அடையாளம் காட்டினால் போதும். காந்தி மாட்டேன் என்றார். தவறான செய்தியை நம்பி வந்தவர்கள் அவர்கள், உண்மை தெரிந்தால் தாங்களே வருந்துவார்கள் என்பது அவர் வாதம். அப்போது அவருக்கு வயது 27.

அடுத்த ஆண்டு, அதே டர்பன். இடம் மட்டும் வேறு: அவருடைய வீடு. அவரிடம் வேலை பார்த்த குமாஸ்தாக்கள் சிலர் அங்கேயே தங்கியிருந்தார்கள். அறைகளில் தண்ணீர் வெளியேற வழியில்லாததால் மூத்திரச் சட்டிகள் வைத்திருந்தார்கள். புதிதாக வந்த ஒரு குமாஸ்தா, பஞ்சமர் குடும்பத்தில் பிறந்த கிறிஸ்தவர். அவருடைய சட்டியைக் கழுவக் கஸ்தூர்பாவுக்கு மனம் வரவில்லை. கணவர் கழுவுவதையும் பொறுக்க முடியவில்லை. கண்ணீரோடு சட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். காந்திக்கு அதுவும் போதவில்லை, முகம் கோணாமல் செய்ய வேண்டுமாம். வார்த்தை தடித்தது. உங்கள் வீட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்ற அர்த்தத்தில் அந்த அம்மாள் ஏதோ சொல்ல, இவர் கையைப் பிடித்துத் தரதரவென்று வாசல்வரை இழுத்துப்போய், வெளியே தள்ளக் கேட்டைத் திறந்தார். வெட்கமில்லையா, பெற்றவர்களோ உறவோ இல்லாத இந்த ஊரில் நான் எங்கே போவேன், கேட்டை மூடுங்கள் என்று கஸ்தூர்பா கேட்ட பிறகுதான் அவருக்குத் தன் நினைவு வந்தது.

இதை ஊருக்குச் சொன்னவர் காந்தியேதான். 1925 முதல் 'நவஜீவன்' இதழில் தொடராக எழுதிய சுயசரிதையில், கஸ்தூர்பா உயிரோடு இருந்தபோதே எழுதினார்.

இதைப் படிக்கும்போது ஒரு சங்கடம் வரும். கொள்கையில் நியாயம் காந்தி பக்கம்தான். கஸ்தூர்பாவின் தயக்கத்தில் சாதி இருந்தது, அதை மழுப்ப வேண்டியதில்லை. நியாயம் தன் பக்கம் இருந்ததால்தான் அவர் கை நீண்டது என்று எனக்குத் தோன்றுகிறது. தப்பு செய்கிறோம் என்ற உறுத்தல் இருப்பவனுக்குக் குரல் கொஞ்சமாவது தாழும். சரியான காரியத்துக்காகக் கோபப்படுகிறவனைத் தடுக்க உள்ளே ஆள் கிடையாது.

ஆனால் துறைமுகத்திலும் நியாயம் அவர் பக்கம்தானே இருந்தது? அங்கே மட்டும் எப்படிப் பொறுமை வந்தது? வெளியே அவருக்கு எதிரில் பதில் சொல்லக்கூடியவர்கள் நின்றார்கள். நேட்டால் அரசு, பத்திரிகைகள், நீதிமன்றம், வெள்ளை வியாபாரிகள். ஒரு சொல் பிசகினால் மறுநாள் காலையே அச்சில் வரும். வீட்டிலோ அவர் தன்னைக் கணவன் என்பதைவிட மனைவிக்கு வாத்தியார் என்று எண்ணிக்கொண்டிருந்தார். இதையும் அவரே எழுதியிருக்கிறார். வாத்தியாருக்கு மாணவர் மறுத்துப் பேசுவது கருத்து வேறுபாடாகவா படும்? ஒழுங்கீனமாகத்தான் படும்.

நம் அலுவலகங்களில் இது தினமும் நடக்கிறது. டீமில் ஒருவர் பேப்பர் போட்டுவிடுவார் என்ற பயம் இருந்தாலே மேனேஜரின் குரலில் தேன் ஊறும். கிளையன்ட் கத்தினாலும் சிரித்துக்கொண்டே மெயில் எழுதுவார். அவரே வீட்டில் செருப்பைக் கழற்றுவதற்குள் பிள்ளையின் ரேங்க் கார்டைக் கேட்டுக் கத்துவார். இந்த ஆளுக்கு உண்மையில் பக்குவம் இருக்கிறதா, இல்லை எதிரே இருப்பவரின் பலத்தைப் பார்த்துக் கடன் வாங்கிக்கொள்கிறாரா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். வீட்டில் யாரும் நோட்டீஸ் பீரியட் கொடுத்துவிட்டுப் போக முடியாது.

கஸ்தூர்பா போகவில்லை. பணியவுமில்லை. 1901-ல் தென்னாப்பிரிக்காவை விட்டுக் கிளம்பியபோது, அங்குள்ள இந்தியர்கள் அன்போடு குவித்த தங்க நகைகளைப் பொதுக்காரியத்துக்கு எழுதிவைக்கக் காந்தி முடிவெடுத்தார். மனைவியிடம் சொல்வதற்கு முன்பே சின்னப் பையன்களை உட்காரவைத்துப் பேசித் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். மீட்டிங் தொடங்கும் முன்பே ஓட்டை எண்ணி முடித்த கதைதான். என் நகையைப் பறித்தீர்கள், பிள்ளைகளையும் சாமியாராக்கப் பார்க்கிறீர்கள் என்று கஸ்தூர்பா வாதாடினார், கடைசியில் தோற்றார். ஆனாலும் இப்படி வருடக்கணக்கில் எதிரே நின்று, வலியைத் தாங்கிக்கொண்டே இல்லை என்று சொன்ன மனைவியிடம்தான் அகிம்சையின் பாடத்தைக் கற்றேன் என்று பின்னாளில் காந்தி சொன்னார். இதை உபசாரப் பேச்சென்று நான் நினைக்கவில்லை. மறுப்பைச் சமமானவரின் மறுப்பாகக் கேட்கப் பழகிய அளவுக்கே அவர் கணவராக வளர்ந்தார்.

மூத்த மகன் ஹரிலால் விஷயத்தில் அந்தப் பழக்கம் வேலை செய்யவில்லை.

ஹரிலால் பிறந்தது 1888. அதே ஆண்டில் தந்தை சட்டம் படிக்க லண்டன் போய்விட்டார். திரும்பி வந்தவர் 1893-ல் தென்னாப்பிரிக்கா போனார். ஹரிலால் 1906-ல் தன் விருப்பப்படி குலாப்பை மணந்தபோது, இப்போதைக்கு அவனை மகனாகவே நினைப்பதில்லை என்ற பொருளில் காந்தி தன் அண்ணனுக்கு எழுதினார். அப்படிச் சொன்ன தந்தையின் போராட்டத்தில்தான் மகன் போய்ச் சேர்ந்தார். டிரான்ஸ்வாலில் 1908 முதல் பலமுறை சிறை. ஜனங்கள் 'சின்ன காந்தி' என்றார்கள்.

அந்தச் சமயத்தில் காந்தியின் நண்பர் பிராண்ஜீவன் மேத்தா, காந்தியின் மகன்களில் ஒருவரை லண்டனில் படிக்கவைக்கும் செலவை ஏற்பதாகச் சொன்னார். காந்தி அனுப்பியது ஒன்றுவிட்ட அண்ணன் மகன் சகன்லாலை. அவர் உடல்நலம் கெட்டுத் திரும்பினார். அப்போதும் ஹரிலாலுக்கு வாய்ப்பு வரவில்லை, அடுத்துப் போனவர் சொராப்ஜி அடாஜானியா என்ற பார்ஸி இளைஞர். பள்ளிப் படிப்பே சரியாகக் கிடைக்காத ஹரிலாலுக்குப் பாரிஸ்டர் ஆகவேண்டும் என்ற ஆசை பெரிது. தந்தையும் பாரிஸ்டர்தானே!

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். வாரிசு அரசியலில் நொந்துபோன நமக்குக் காந்தியின் முடிவு புல்லரிக்கவைக்கும். சொந்த மகனுக்கு வந்த வாய்ப்பை வெளியாளுக்குக் கொடுத்த தலைவரை இன்று எந்த ஊரில் தேடுவது? ஆனால் அப்பா தலைமையாசிரியராக இருக்கும் பள்ளியில் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். மற்ற பையனுக்கு ஒரு அடி என்றால் வாத்தியார் மகனுக்கு இரண்டு. பாரபட்சம் இல்லை என்று ஊருக்குக் காட்டும் செலவு அந்தப் பையனின் முதுகில் எழுதப்படும். மகன் என்பதற்காகக் கொடுப்பது போலவே, மகன் என்பதற்காக மறுப்பதும் பாரபட்சம்தான்.

உதவித்தொகையை மறுத்ததைக் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. தந்தை, இயக்கத் தலைவர், தேர்வுக்குழு எல்லாமே ஒரே நாற்காலியில் உட்கார்ந்து முடிவெடுத்தன. யாரை அனுப்புவது என்பதை மேத்தாவே முடிவுசெய்யட்டும், என் மகன் சம்பந்தப்பட்டதில் நான் தலையிடவில்லை என்று ஒதுங்கியிருக்கலாம். என்ன செய்தால் வாய்ப்புக் கிடைக்கும் என்று மகனுக்கு ஒரு நிபந்தனையாவது சொல்லியிருக்கலாம். சிறைக்குப் போனான், போராட்டத்தில் நின்றான், இன்னும் என்ன வேண்டும் என்று அந்த இளைஞன் குழம்பியதில் ஆச்சரியமில்லை.

1911-ல் ஹரிலால் யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பினார். டெலகோவா பே துறைமுகத்தில் கண்டுபிடித்துக் கூட்டிவந்தார்கள். தந்தையும் மகனும் நெடுநேரம் பேசினார்கள், முடிவு மாறவில்லை. தான் மகனுக்குத் தீங்கு எதுவும் செய்ததாக நினைக்கவில்லை, அப்படி நீ நினைத்தால் மன்னித்துவிடு என்று ரயில் நிலையத்தில் காந்தி சொல்லி அனுப்பினார். அந்த மன்னிப்புக்கு முன்னால் நிற்கும் பாதி வாக்கியம் முழுவதையும் ரத்து செய்துவிடுகிறது. வீட்டிலும் ஆபீசிலும் இந்த வகை மன்னிப்பை நாம் நிறையவே கேட்டிருக்கிறோம்.

பொதுவாழ்வில் காந்தி இப்படி மன்னிப்புக் கேட்டவரில்லை என்பதுதான் விநோதம். 1919-ல் மக்களைத் தயார்செய்யாமல் சத்தியாக்கிரகத்தில் இறக்கியது இமாலயத் தவறு என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். 1922 பிப்ரவரியில் சௌரி சௌராவில் போலீஸ்காரர்கள் எரித்துக் கொல்லப்பட்டபோது, கூட இருந்தவர்கள் கொதித்தும் நாடு தழுவிய இயக்கத்தை நிறுத்தினார். மற்றவர்களின் கோபத்தையும் துல்லியமாக எடைபோட்டார். 1908-ல் மீர் ஆலம் கோஷ்டி ஜோகன்னஸ்பர்க்கில் அவரைத் தாக்கியபோது கூடவே நின்று அடிபட்ட தம்பி நாயுடுவைப் பற்றி, இவருடைய முன்கோபம் மட்டும் இல்லையென்றால் சமூகத்துக்கே தலைமை தாங்கியிருப்பார் என்று எழுதினார். பிள்ளைகளின் படிப்பு விஷயத்தில் சுயசரிதை வேறு சுரத்தில் பேசுகிறது. மகன்களுக்கு என்மீது குறை இருக்கிறது, அதில் ஓரளவு நியாயமும் உண்டு என்று ஒப்புக்கொள்கிறார். அடுத்த மூச்சில், ஆனாலும் நான் செய்தது சரிதான் என்று முடிக்கிறார். ஒப்புக்கொள்வது அவருக்குச் சுலபம், விட்டுக்கொடுப்பதுதான் வராது.

ஹரிலால் அகமதாபாத்தில் மெட்ரிகுலேஷன் எழுதித் தோற்றார். 1915-ல் தந்தைக்கு நீண்ட கடிதம் ஒன்றை எழுதி அச்சிட்டார். எங்கள் பேச்சை நீங்கள் கேட்டதேயில்லை என்பது அதன் சாரம். 1918 விஷக்காய்ச்சலில் குலாப் இறந்தார். அதன்பின் குடி, கடன், ஊர் ஊராக அலைச்சல். 1936-ல் மதம் மாறி அப்துல்லா ஆனார், சில மாதங்களில் ஆரிய சமாஜம் வழியாகத் திரும்பினார். கட்னி ரயில் நிலையத்தில் பெற்றோர் வந்த ரயிலைப் பார்த்து ஓடிவந்து, அம்மாவுக்கு மட்டும் ஒரு ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துவிட்டு, உங்கள் பெருமைக்கெல்லாம் காரணம் அம்மாதான் என்று தந்தையிடம் சொன்னார் என்பார்கள். எல்லாச் சரிவுக்கும் தந்தையைக் காரணம் சொல்வது அநியாயம். அதே வீட்டில் வளர்ந்த மூன்று தம்பிகளும் இப்படிச் சிதறவில்லை.

அவர்களும் தப்பவில்லை என்பது வேறு கதை. இரண்டாவது மகன் மணிலால், ஆசிரமப் பணத்தில் கொஞ்சம் எடுத்து அண்ணனுக்கு உதவியதற்காக வெளியேற்றப்பட்டு, சென்னையில் வந்து காலம் தள்ளினார். அவர் 1926-ல் ஃபாத்திமா கூல் என்ற முஸ்லிம் பெண்ணை மணக்க விரும்பியபோது, கூடாது என்று கடிதம் போனது. மணிலால் பணிந்தார். அடுத்த ஆண்டே குடும்பம் பார்த்த சுசீலாவுடன் கல்யாணம்.

அதற்குச் சற்றுப் பின்னால்தான் கடைசி மகனின் முறை வந்தது. 1918-லேயே இந்தி கற்பிக்கச் சென்னைக்கு வந்த தேவதாஸ் நமக்கு அந்நியரல்ல. அவர் ராஜாஜியின் மகள் லட்சுமியை விரும்பினார். பையன் குஜராத்தி பனியா, பெண் தமிழ்நாட்டு ஐயங்கார், அந்தக் காலத்தில் லேசில் நடக்கக்கூடிய சம்பந்தமில்லை. பெண்ணுக்கு வயது பதினைந்து, பையனுக்கு இருபத்தேழு. இரு தந்தைகளும் சேர்ந்து ஒரு கெடு வைத்தார்கள்: ஐந்து வருடம் சந்திக்கக்கூடாது, கடிதம் கூடாது, அதன்பிறகும் மனம் மாறாவிட்டால் கல்யாணம்.

கெடு கடுமையானதுதான், இன்றைய பிள்ளைகள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் ஹரிலாலுக்குக் கிடைக்காத இரண்டு விஷயங்கள் அதில் இருந்தன. நிறைவேற்றக்கூடிய ஒரு நிபந்தனையும் அதற்கு ஒரு முடிவுத் தேதியும். கூடவே, காந்தி தனியாகத் தீர்ப்பு எழுத முடியாதபடி எதிரே ராஜாஜி உட்கார்ந்திருந்தார். காந்தியிடம் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசக்கூடிய வெகுசிலரில் ஒருவர் அவர். இந்த முறை வீட்டு விவகாரமும் பொதுவிவகாரம் போலப் பேசித் தீர்ந்தது.

1933 ஜூன் 16-ம் தேதி புனாவில், 'பர்ணகுடி' மாளிகையில் கல்யாணம் நடந்தது. 21 நாள் உண்ணாவிரதத்தை முடித்துச் சில வாரங்களே ஆகியிருந்த காந்தி, மெலிந்த குரலில் மகனுக்குப் புத்தி சொன்னார். ராஜாஜியின் செல்வத்தை இன்று எடுத்துக்கொண்டாய், அதற்குத் தகுதியானவனாக இரு என்பதாக. கடைசி ஆண்டுகளில் அவர் இன்னும் தூரம் போனார், மணமக்களில் ஒருவராவது ஹரிஜனாக இருந்தாலொழியக் கல்யாணத்துக்கு வருவதில்லை என்றார். மணிலாலுக்கு 1926-ல் கடிதம் எழுதிய மனிதர்தான் இவரும்.

ஹரிலால் 1948 ஜூன் 18 அன்று பம்பாயில் காசநோயால் இறந்தார். தந்தை கொல்லப்பட்டு ஐந்து மாதம்கூட ஆகியிருக்கவில்லை. காந்தியின் எழுத்துத் தொகுப்பு நூறு தொகுதிகள், மகனுக்கு எழுதிய கடிதங்களும் அதற்குள் இருக்கின்றன. மகன் தரப்பைக் கேட்க விரும்புகிறவர்கள் வேறு அலமாரிக்குப் போகவேண்டும். சந்துலால் பகுபாய் தலால் குஜராத்தியில் ஹரிலாலின் வாழ்க்கையை எழுதினார், திரிதீப் சுஹ்ருத் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். ஹரிலாலின் பேத்தி நீலம் பாரிக்கும் தாத்தாவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தேவதாஸ்-லட்சுமி தம்பதியின் மகன் ராஜ்மோகன் காந்தி, காந்தி என்ற தாத்தாவைப் பற்றி எழுதிய பெரிய வரலாற்றிலும் பெரியப்பாவின் புகார்களைப் பூசி மெழுகவில்லை.