சீட்டில்லாதவருக்கும் ஓர் அரங்கு

நியூயார்க் நகரின் லிங்கன் சென்டர் என்னும் கலை வளாகம், கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து குடியேறியவர்களும் பெருமளவில் வாழ்ந்த சான் ஹுவான் ஹில் என்ற குடியிருப்பை இடித்துவிட்டு எழுப்பப்பட்டது. நகர்ச் சீரமைப்பின் பெயரால் 7,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டன. அவ்விடத்தில் 1962இல் திறக்கப்பட்டு, நியூயார்க் பில்ஹார்மானிக் இசைக்குழுவின் இருப்பிடமான அரங்கில் ஒலி சரியில்லை என்ற குறை தொடக்கம் முதலே இருந்தது. 1976இல் உட்புறத்தை அடியோடு பெயர்த்துக் கட்டியும் அது தீர்ந்தபாடில்லை.

டேவிட் கெஃபன் ஹால் என்று இன்று வழங்கும் அவ்வரங்கு, 55 கோடி டாலர் செலவில் மீண்டும் புதுப்பிக்கப்பட்டு 2022 அக்டோபரில் திறக்கப்பட்டது. மேடை 25 அடி முன்னே நகர்த்தப்பட்டு, அதன் பின்புறத்திலும் இருக்கைகள் போடப்பட்டதால், நடத்துநரின் முதுகை மட்டுமே கண்டு வந்த இரசிகர்களில் ஒரு பகுதியினர் இப்போது அவர் முகத்தையும், இசைஞர்களை வழிநடத்தும் அவர் கையசைவையும் நேருக்கு நேர் காண முடிகிறது. இதற்காக 2,738 இருக்கைகள் ஏறத்தாழ 2,200 ஆகக் குறைக்கப்பட்டன. வருவாய் இழப்புக்கு அஞ்சும் நிர்வாகங்கள் எளிதில் துணியாத முடிவு இது.

ஆயினும், பெரிய மாற்றம் நிகழ்ந்தது இசைக்கூடத்துக்கு வெளியேதான். பார்வையாளர்கள் காத்திருக்கும் இடமான முன்கூடம் முன்பைவிட இருமடங்காக விரிவாக்கப்பட்டு, பகல் வேளையிலும் திறந்து வைக்கப்படுகிறது. அங்குள்ள 50 அடி நீளத் திரையில் உள்ளே நடக்கும் கச்சேரிகள் நேரலையாகக் காட்டப்படும்போது, சீட்டு வாங்காதவரும் காப்பிக் கோப்பையுடன் அமர்ந்து இலவசமாகக் கேட்கலாம். பிராட்வே சாலையும் 65ஆம் தெருவும் சந்திக்கும் மூலையில், அலுவலகங்கள் இருந்த இடம் கண்ணாடிச் சுவர் கொண்ட சிறு நிகழ்த்துகூடமாக மாறியிருப்பதால், நடைபாதையில் செல்வோரும் உள்ளே நடப்பதைப் பார்த்துக்கொண்டே போகலாம். கழிவறைகளும் கூட்டப்பட்டன. இடைவேளை முழுவதையும் வரிசையில் கழித்த பெண்களுக்கு இதுவும் வரவேற்பின் ஒரு கூறுதான்.

திரையில் கேட்பது கூடத்தினுள் அமர்ந்து கேட்பதற்கு ஈடாகாது என்பதும், உள்ளே செல்ல இன்னமும் சீட்டு வேண்டும் என்பதும் உண்மையே. வளாகத்தின் மேற்கு எல்லையில், எளிய குடும்பங்கள் வாழும் ஆம்ஸ்டர்டாம் ஹவுசஸ் என்ற அரசுக் குடியிருப்புக்கு எதிரே, உள்ளே பார்வை செல்லாதபடி ஒரு நெடுஞ்சுவர் எழுப்பப்பட்டிருந்தது. முன்வாசலை நகரத்துக்குத் திறந்துவிட்ட நிர்வாகம், அச்சுவரை அகற்றி அந்தப் பக்கத்திலும் வழி அமைக்கும் திட்டத்தை அதன் பிறகே கையில் எடுத்தது.