எட்டாத கல்லும் எட்டிய ஒளியும்

கையில் எடுத்து உரசிப் பார்க்காமல் ஒரு கல் இன்ன வகையைச் சார்ந்தது என்று கூற இயலுமா? இலட்சக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் உள்ள கல்லைப் பற்றியே கூற இயலும் என்கிறது வானியல். அவ்வாறு கூறியது சரிதானா என்று சோதித்துப் பார்த்த வரலாறு ஒன்றை இங்கே விளக்க விரும்புகிறேன்.

கதிரவனைச் சுற்றிவரும் சிறு பாறைகளே குறுங்கோள்கள். அவற்றுள் ஒன்றான இடோகாவா 1998-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் நீளம் சுமார் 535 மீட்டர். ஜப்பான் தன் ஹயபுசா விண்கலத்தை அங்கு அனுப்பத் திட்டமிட்டபோது, வானியலார் அதனைத் தொலைநோக்கியால் முன்கூட்டியே ஆராய்ந்தனர்.

குறுங்கோளுக்குச் சொந்த ஒளி இல்லை. கதிரவன் ஒளியையே அது திருப்பி அனுப்புகிறது. அனுப்புமுன் அதன் கனிமங்கள் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகின்றன. நம் செய்முறை வகுப்பில் சோடியம் விளக்கு மெல்லிய மஞ்சள் கோடுகளைத் தருகிறது அல்லவா? பாறையின் நிறமாலையிலோ அகன்ற பள்ளங்கள் தோன்றும். ஆலிவின் என்னும் கனிமம் 1 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிப் பள்ளம் தரும். பைராக்சீன் 1, 2 மைக்ரோமீட்டர் ஆகிய இரு இடங்களிலும் தரும். பள்ளங்களின் இடத்தையும் அகலத்தையும் அளந்தால் கலவையின் விகிதம் புலப்படும்.

2001-ல் ரிச்சர்ட் பின்சல் குழுவினர், இடோகாவா 'எல்எல் காண்ட்ரைட்' எனப்படும், இரும்பு குறைந்த விண்கல் வகையை ஒத்தது என்று அறிவித்தனர். ஆனால் ஒரு சிக்கல். அதன் ஒளி, பூமியில் விழுந்த அவ்வகை விண்கற்களின் ஒளியைவிடச் சிவந்திருந்தது. கதிரவனிலிருந்து வரும் துகள்களும் நுண்கற்களும் தாக்கி மேற்பரப்பு நிறம் மாறியிருக்கலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம். உண்மையை அறியக் கல்லே கைக்கு வரவேண்டியிருந்தது.

2005 நவம்பரில் ஹயபுசா அங்கே தரைதொட்டது. மாதிரி எடுக்கச் சுடவேண்டிய குண்டு திட்டமிட்டபடி வெடிக்கவில்லை. ஆயினும் எழும்பிய தூசி பேழைக்குள் புகுந்தது. 2010 ஜூன் 13-ல் ஆஸ்திரேலியாவின் வூமெராவில் பேழை இறங்கியது. உள்ளே கிடைத்தவை ஏறத்தாழ 1500 நுண்துகள்கள். பெரும்பாலானவை தலைமயிரின் தடிமன்கூட இல்லாதவை!

2011-ல் முடிவுகள் வெளிவந்தன. துகள்கள் எல்எல் காண்ட்ரைட் வகையே. அவற்றின் விளிம்பில், சிவப்பேற்றும் மிக நுண்ணிய இரும்புத் துகள்களும் காணப்பட்டன. தொலைநோக்கி சொன்னது மெய்யாயிற்று.

விண்கலம் செல்லக்கூடிய குறுங்கோள்கள் மிகச் சிலவே. தொலைநோக்கிக்கு எட்டுபவையோ பல்லாயிரம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். இடோகாவாவின் தூசியே நாம் பதம் பார்த்த சோறு. அவ்வகைக் குறுங்கோள்களின் இயல்பை, அவை அனுப்பும் ஒளியைக் கொண்டே இனித் துணிந்து கூறலாம் என்பது என் கருத்து.