தொழிலாகிய துடுப்பாட்டம்: 1982–83ஆம் ஆண்டுப் பருவமும் கண்டி அஸ்கிரிய மைதானமும்

கண்டி நகரை அடுத்த அஸ்கிரியவில், குன்றை வெட்டிச் சமன்செய்து திரித்துவக் கல்லூரியார் அமைத்த விளையாட்டு மைதானம் 1915ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. கல்லூரி ஒன்றுக்கு உரிமையான நிலத்தில் நாடுகளுக்கிடையிலான டெஸ்ட் ஆட்டம் நடைபெறுதல் உலகில் மிக அரிது. அஸ்கிரியவில் முதலாவது டெஸ்ட் ஆட்டம் 1983 ஏப்ரில் 22ஆம் நாள் தொடங்கிற்று. இலங்கையும் அவுஸ்திரேலியாவும் டெஸ்ட் களத்தில் முதன்முதல் எதிர்நின்றதும் அன்றே. ஆயினும் அவ்வாட்டத்தின் பொருள் ஓட்டக் கணக்கினுள் அடங்குவதன்று. பொழுதுபோக்காயிருந்த துடுப்பாட்டம் இந்நாட்டில் தொழிலாக மாறத் தலைப்பட்டபோது, அம்மாற்றத்துக்கு விலை கொடுத்தவர் யாவர் என்பதை அறிதற்கு, 1982–83ஆம் ஆண்டுப் பருவம் முழுவதையும் நோக்குதல் வேண்டும்.

விளையாட்டுக்குக் கூலி பெறுதல் இழிவு என்னும் எண்ணம் இங்கிலாந்தில் நெடுங்காலம் நிலவிற்று. ஊதியமின்றி ஆடியோர் 'கனவான்கள்' எனவும், ஊதியம் பெற்று ஆடியோர் வெறும் 'ஆட்டக்காரர்கள்' எனவும் பிரிக்கப்பட்டனர். கனவானின் தலைப்பெழுத்துப் பெயருக்கு முன்னும் மற்றவனின் தலைப்பெழுத்துப் பெயருக்குப் பின்னும் அச்சிடப்பட்டதெனின், சாதி வேற்றுமை நம் நாட்டுக்கே தனியுரிமை அன்று என்பது விளங்கும். அவ்வேற்றுமை 1962ஆம் ஆண்டின் இறுதியிலேயே ஒழிக்கப்பட்டது. இலங்கையர் சிலரும் அத்தொழிலை அங்கே மேற்கொண்டிருந்தனர். லடி அவுட்ஸ்கூர்ண் வூஸ்ரர்சயர் அணிக்கும், ஸ்ரான்லி ஜயசிங்க, கிளைவ் இன்மன் ஆகியோர் லெஸ்ரர்சயர் அணிக்கும் ஆடினர். தாய்நாட்டிலோ துடுப்பாட்டத்தால் வாழ்க்கை நடத்தும் வழி இருக்கவில்லை. நாட்டின் அணியில் இடம்பெற்றோரும் வேறு உத்தியோகம் பார்த்தே குடும்பத்தைக் காத்தனர்.

இந்நிலையில் 1981ஆம் ஆண்டு இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடைத்தது. முதல் ஆட்டம் 1982 பெப்ரவரி 17ஆம் நாள் கொழும்பு பி. சரவணமுத்து மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராகத் தொடங்கிற்று. நாட்டின் முதற்பந்தை எதிர்கொண்டவரும், முதல் ஓட்டத்தை எடுத்தவரும் தலைவர் பந்துல வர்ணபுர ஆவார். அதே ஆண்டு செப்டெம்பரில் சென்னையில் இந்தியாவுக்கு எதிரான ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அதில் துலிப் மென்டிஸ் இரு இன்னிங்சிலும் 105 ஓட்டங்கள் பெற்றார். புதிய அணிக்கு நற்காலம் பிறந்ததென்றே பலரும் கருதியிருப்பர்.

அடுத்த மாதமே அவ்வணி பிளவுற்றது. வர்ணபுரவின் தலைமையில் பதினால்வர் 'அரோசா சிறீலங்கா' என்னும் பெயருடன் தென்னாபிரிக்கா சென்றனர். அப்பெயரின் முதலிரண்டு எழுத்துக்கள், பயணத்தை ஒழுங்குசெய்த அன்ரனி ஒபாத்தவின் பெயரைக் குறிப்பனவாம். நிறவெறி ஆட்சி காரணமாகத் தென்னாபிரிக்கா 1970ஆம் ஆண்டிலிருந்து டெஸ்ட் உலகினின்று விலக்கப்பட்டிருந்தது. ஆதலின் பணத்தைக் காட்டியே பிறநாட்டு வீரரை அழைக்கலாயிற்று. பதினால்வருக்குக் கிடைத்த தொகை, உத்தியோகச் சம்பளத்தில் பல்லாண்டு சேமித்தாலும் திரட்டவியலாதது. வர்ணபுர, விக்கெட் காப்பாளர் மகேஸ் குணதிலக்க, சுழற்பந்து வீச்சாளர் அஜித் டி சில்வா, லலித் களுப்பெரும ஆகிய நால்வரும் கொழும்பு முதலாட்டத்தின் பதினொருவருள் இடம்பெற்றவர்கள். தென்னாபிரிக்க தேசிய அணியுடன் ஆடிய ஆட்டம் ஒன்றிலேனும் அவர்கள் வெல்லவில்லை.

நாடு திரும்பியோருக்குக் கிடைத்த தண்டனை இருபத்தைந்து ஆண்டுத் தடை. துடுப்பாட்டக் கட்டுப்பாட்டுச் சபையின் தலைவராய் அப்போது விளங்கியவர் அமைச்சர் காமினி திசாநாயக்க. டெஸ்ட் தகுதி பெறுதற்கு அரும்பாடுபட்ட அவர், அஸ்கிரிய மைதானத்துக்குரிய திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவருமாவார். தண்டனை நியாயமானதா? பதினால்வரின் செயல் தவறு என்பதில் ஐயமில்லை. 1860ஆம் ஆண்டிலிருந்து நேற்றால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட தமிழரின் வழித்தோன்றல்கள், தோலின் நிறத்தால் அந்நாட்டில் உரிமையிழந்து கிடந்தனர். கண்டிச் சீமையின் கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தோரும் அதே தமிழகத்துக் குடிகளே. அத்தகைய ஆட்சியின் கைப்பணம் பெறுதற்குரியதன்று. எனினும், அதே 1982ஆம் ஆண்டு மார்ச்சில் தென்னாபிரிக்கா சென்ற கிரகம் கூச் முதலிய ஆங்கில வீரருக்கு விதிக்கப்பட்ட தடை மூன்றாண்டு மட்டுமே. குற்றம் ஒன்றாக, தண்டனையோ எட்டு மடங்கு. மேற்கிந்திய வீரருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டதை எண்ணும்போது, வறிய நாட்டு வீரனே கூடுதலாகத் தண்டிக்கப்பட்டான் என்பது புலனாகும்.

எஞ்சியோரைக் கொண்டு திரட்டிய அணி 1983ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நியூசிலாந்து சென்றது. மென்டிஸ், ரோய் டயஸ் இருவரும் காயமுற்றதால் டி. எஸ். டி சில்வா தலைமை தாங்கினார். இரு டெஸ்டுகளும் தோல்வி. கிறைஸ்ற்சேர்ச்சில் சிதத் வெத்தமுனி தொடக்க வீரராக இறங்கி, ஏனையோர் யாவரும் வீழ்ந்த பின்னரும் 63 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காது நின்றமை ஒன்றே ஆறுதல்.

இவ்வாறு மெலிந்த அணியே அஸ்கிரியவில் அவுஸ்திரேலியரை எதிர்கொண்டது. வந்த அணியின் தலைவர் கிறெக் சப்பல். அவரும் டெனிஸ் லிலி, டேவிட் ஹூக்ஸ் ஆகியோரும் 1977ஆம் ஆண்டில் கெரி பக்கர் என்னும் தொலைக்காட்சி முதலாளியிடம் சம்பளத்துக்குச் சேர்ந்து, தம் நாட்டுச் சபையை எதிர்த்து ஆடியவர்கள். இரண்டாண்டில் சமரசம் ஏற்பட்டு அவர்கள் மதிப்புடன் மீண்டனர். வீரரின் ஊதியமும் உயர்ந்தது. இன்னும் வியப்பானது, முதலில் சதமடித்த கெப்லர் வெசல்ஸ் தென்னாபிரிக்காவிற் பிறந்தவர் என்பது. பக்கரின் பணமே அவரை அவுஸ்திரேலியா சேர்த்தது. தென்னாபிரிக்கா சென்ற இலங்கையர் ஒதுக்கப்பட்டிருந்த வேளையில், தென்னாபிரிக்கர் ஒருவர் கண்டியில் 141 ஓட்டங்கள் குவித்தார். ஹூக்ஸ் மதிய உணவுக்கும் தேநீருக்கும் இடையில் நூறு ஓட்டங்களைப் பெற்று, 143 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காதிருந்தார். அவர்தம் டெஸ்ட் வாழ்வின் ஒரே சதம் அது. நான்கு விக்கெட்டுக்கு 514 ஓட்டங்களுடன் அவுஸ்திரேலியா ஆட்டத்தை நிறுத்திக்கொண்டது.

இலங்கை 271, 205 எனப் பெற்று, ஓர் இன்னிங்சாலும் 38 ஓட்டங்களாலும் தோற்றது. ஆயின் பத்தொன்பது வயதினரான அர்ஜுன ரணதுங்கவின் 90 ஓட்டங்களும், வெத்தமுனியின் 96 ஓட்டங்களும் அத்தோல்வியிடையே ஒளிர்ந்தவை. பின்னாளில் 1996இல் உலகக் கிண்ணத்தை வென்ற அணியின் தலைவர் அந்த இளைஞரே. மூன்று திங்களில் யூலைக் கலவரம் நாட்டைத் தீக்கிரையாக்கிற்று.

பதினால்வரின் தடை அதன் காலம் முடியுமுன்னரே நீக்கப்பட்டது. ஆயினும் அவர்களுள் ஒருவரேனும் மீண்டும் டெஸ்ட் ஆடவில்லை. வர்ணபுர பிற்காலத்தில் துடுப்பாட்ட நிருவாகத்தில் பொறுப்புக்கள் ஏற்று, 2021ஆம் ஆண்டில் மறைந்தார்.

அஸ்கிரியவில் அந்த முதல் டெஸ்ட் நடந்த போது, கண்டியிற் பிறந்த முத்தையா முரளிதரனுக்கு வயது பதினொன்று. கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் பயின்ற அவர் 1999ஆம் ஆண்டில் லங்காசயர் அணிக்கு ஆடினார். 2008ஆம் ஆண்டில் சென்னை அணி அவரை ஆறு இலட்சம் டொலருக்கு ஏலத்தில் எடுத்தது. பதினால்வருக்கு விதித்த இருபத்தைந்து ஆண்டுத் தடை குறையாது நின்றிருப்பின், அது 2007ஆம் ஆண்டின் பிற்பகுதியில் முடிவுற்றிருக்கும். அவ்வாண்டு டிசெம்பர் 3ஆம் நாள், அஸ்கிரியவின் இறுதி டெஸ்டில், இங்கிலாந்தின் போல் கொலிங்வுட்டை வீழ்த்தித் தம் 709ஆவது விக்கெட்டைக் கைப்பற்றிய முரளிதரன், ஷேன் வோர்னின் உலகச் சாதனையைக் கடந்தார்.