நாற்பதில் எடுத்த தூரிகை

"எனக்குச் சித்திரம் வராது" என்று சொல்லாத வளர்ந்தவர்களைக் காண்பது அரிது. பாட்டு வராது என்பவர்கூடக் கிணற்றடியில் முணுமுணுப்பார். கவிதை வராது என்பவரும் கலியாண வாழ்த்துக்கு நாலு வரி எழுதிப் பார்ப்பார். சித்திரத்தின் கதை வேறு. பாடசாலையில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் மூடிவைத்த வர்ணப் பெட்டியை நாற்பது வயதில் மீண்டும் திறப்பதற்குப் பெரிய துணிவு வேண்டியிருக்கிறது. நீர்வண்ணம் என்றால் அச்சம் இரட்டிப்பாகிவிடும். இந்த அச்சம் எங்கிருந்து வருகிறது, அதனை ஒருவர் எவ்வாறு கடந்தார் என்பதை, இலக்கிய நேயர்கள் நன்கறிந்த ஓர் எழுத்தாளரின் வாழ்க்கையைக் கொண்டு இன்று பார்க்கலாம்.

அவர் ஹேர்மன் ஹெஸ்ஸே. 1922இல் அவர் எழுதிய 'சித்தார்த்தா' நாவலைத் திருலோக சீதாராமின் தமிழாக்கத்தில் நம்மிற் பலர் படித்திருப்போம். 1946இல் அவருக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆனால், ஏறத்தாழ 3000 நீர்வண்ண ஓவியங்களையும் அவர் விட்டுச் சென்றார் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். நாற்பது வயதை அண்மிக்கும் வரை அவர் ஓவியம் பயின்றதில்லை என்பது அதைவிடப் புதிய செய்தி.

ஹெஸ்ஸேயிடம் போவதற்கு முன்னர், நீர்வண்ணம் ஏன் அச்சுறுத்துகிறது என்பதைச் சற்று விளங்கிக்கொள்வது நல்லது. எண்ணெய் வர்ணம் திரையை மூடி நிற்பது. பிழைத்தால் சுரண்டி எடுக்கலாம். காய்ந்தபின் மேலே இன்னொன்றைப் பூசலாம். நீர்வண்ணமோ ஒளி ஊடுருவுவது. கோந்துடன் கலந்த நுண்ணிய வர்ணத் துகள்கள் தண்ணீரில் மிதந்துவந்து கடதாசியிற் படிகின்றன. அவற்றை ஊடறுத்துச் செல்லும் ஒளி, அடியிலுள்ள வெண்மையிற் பட்டுத் திரும்பிவருகிறது. ஆகவே ஓவியத்தின் வெளிச்சம் முழுவதும் கடதாசியின் வெளிச்சந்தான். வெள்ளை முகிலைத் தீட்டுவதில்லை. அதனைச் சுற்றித் தீட்டி, முகிலைத் தீட்டாமல் விடவேண்டும். மெல்லிய நிறத்தில் தொடங்கி அடர்ந்த நிறத்துக்குப் போகலாம். திரும்பி வரும் வழி பெரும்பாலும் இல்லை. போதாதற்குத் தண்ணீர் தன் விருப்பப்படியே ஓடும். பாதி காய்ந்த பூச்சில் ஈரத் தூரிகை பட்டால், பூக்கோவாவின் விளிம்புபோல ஒரு கறை விரியும். காய்ந்தபின் நிறம் நாம் கண்டதிலும் வெளிறிப்போகும்.

எதையும் ஒழுங்காகச் செய்து பழகிய வளர்ந்த மனிதருக்கு இது பொறுக்க முடியாத நிலை. கணக்காளர், ஆசிரியர், மருத்துவர், எழுத்தாளர் எல்லோரும் தத்தம் துறையில் கை தேர்ந்தவர்கள். அவர்களுடைய கை அங்கே நடுங்காது. வெள்ளைக் கடதாசியின் முன்னே அவர்கள் திடீரென ஆறு வயதுப் பிள்ளைகளாகிவிடுகிறார்கள். வளர்ந்தோரின் அச்சம் தூரிகையைப் பற்றியதன்று என்பதே எனது எண்ணம். இத்தனை காலம் சம்பாதித்த தகுதியை, யாரும் பார்க்காத ஒரு மணி நேரமாவது கழற்றிவைக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் அந்த அச்சம்.

வின்ஸ்டன் சேர்ச்சில் இதற்கு நல்ல சாட்சி. டார்டனெல்ஸ் படையெடுப்பின் தோல்வியை அடுத்து 1915இல் கடற்படை அமைச்சர் பதவியை இழந்தபோது அவருக்கு வயது நாற்பது. அந்தக் கோடையில், தம்பியின் மனைவி நீர்வண்ணம் தீட்டுவதைக் கண்டு தாமும் தூரிகையை எடுத்தார். ஆனால் மிக விரைவில் எண்ணெய் வர்ணத்துக்குத் தாவிவிட்டார். அங்கும் வெண்திரையின் முன் அவரது கை உறைந்துபோனதாம். மிகுந்த தயக்கத்துடன் ஒரு பயற்றங்கொட்டையளவு நீலத்தை வைத்துவிட்டு அவர் நின்றபோது, ஓவியர் லேவரியின் மனைவி ஹேசல் வந்து பெரிய தூரிகையை வாங்கி, திரையில் நாலு வீச்சு வீசிக் காட்டினார். திரை திருப்பி அடிக்கவில்லை என்று கண்டதும் சேர்ச்சிலின் பயம் போயிற்று. இதனை அவரே தமது கட்டுரையில் நகைச்சுவையாக எழுதியிருக்கிறார். அதே கட்டுரையில், நீர்வண்ணத்தைக் குறைகூறாமலே, பிழையைத் திருத்த இடந்தரும் எண்ணெய் வர்ணத்தையே அவர் மெச்சுகிறார். போர்க்குணம் உடையவருக்கு அது பொருந்தும். நீர்வண்ணத்தோடு போராட முடியாது.

ஹெஸ்ஸேயின் பாதை வேறு. அவருக்கும் நமது நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அவரது தாய்வழிப் பாட்டனார், மலையாள அகராதி தந்த ஹேர்மன் குண்டர்ட். தாயார் தலைச்சேரியிற் பிறந்தவர். இந்தக் குடும்ப நினைவுகளின் உந்துதலால் 1911இல் ஹெஸ்ஸே கீழைத்தேயப் பயணம் புறப்பட்டார். சிங்கப்பூர், சுமாத்திரா முதலிய இடங்களோடு இலங்கைக்கும் வந்தார், கண்டியில் தங்கினார், நமது மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையின் உச்சிக்கும் ஏறினார். பயணத் துணையாக வந்தவர் ஹான்ஸ் ஸ்ருர்ட்சென்எகர் என்னும் ஓவியர். ஓவியர் ஒருவர் கூடவே இருந்தும், இத்தனை பச்சையையும் நீலத்தையும் கண்டும், ஹெஸ்ஸே எழுத மட்டுமே செய்தார். அப்போது அவர் வெற்றி பெற்ற நாவலாசிரியர். 1904இல் வெளிவந்த 'பீற்றர் காமென்சின்ட்' அவருக்குப் புகழும் வருவாயும் தேடித் தந்திருந்தது. சொற்கள் போதுமானவையாக இருந்தன.

சில ஆண்டுகளில் அவை போதாமற் போயின. 1914இல் முதலாம் உலகப் போர் மூண்டது. அந்த ஆண்டு நவம்பரில், போர்வெறியில் அறிவாளிகளும் சேர்ந்துகொள்வதைக் கண்டித்து ஹெஸ்ஸே ஒரு கட்டுரை எழுதினார். ஜேர்மன் பத்திரிகைகள் அவரைத் துரோகி என்றன. 1916இல் தந்தையார் காலமானார். இளைய மகன் கடும் நோயுற்றான். மனைவி மரியாவின் மனநலம் குலைந்துகொண்டிருந்தது. சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரிலிருந்து போர்க் கைதிகளுக்கு நூல்கள் அனுப்பும் பணியில் இரவு பகலாக உழைத்த ஹெஸ்ஸே, இறுதியில் தாமே உடைந்து போனார். லூசேர்ண் அருகே ஒரு மருத்துவ நிலையத்திற் சேர்ந்தார். அங்கே உளவியலாளர் யுங்கின் மாணவரான ஜோசப் லாங் என்பவரிடம் சிகிச்சை பெற்றார். கனவுகளைப் படமாக வரையுமாறு ஊக்கியவர் லாங் என்பர்.

இவ்வாறுதான் தூரிகை அவர் கைக்கு வந்தது. பொழுதுபோக்காக அன்று, மூச்சு முட்டுகிறவன் யன்னலைத் திறப்பதுபோல. துயரத்திலிருந்து வெளியேற வழிதேடி, வாழ்வில் முதன்முறையாக வரையவும் தீட்டவும் தொடங்கியிருப்பதாக 1917இல் நண்பர் ஒருவருக்கு அவர் எழுதினார். படங்களுக்கு மதிப்பு உண்டா இல்லையா என்பது தமக்கு ஒரு பொருட்டன்று என்றும் அக்கடிதத்திற் கூறினார். அச்சத்தை அவர் கடந்த இடம் இதுவே என்று கொள்ளலாம். நல்ல படம் வரையவேண்டும் என்ற கடமையை அவர் படத்தின் தலையில் ஏற்றவில்லை.

இதே காலத்தில் அவர் எழுத்தில் செய்த காரியமும் மனங்கொள்ளத்தக்கது. 1917இல் எழுதிய 'டெமியான்' நாவலைத் தமது பெயரில் வெளியிடாமல், எமில் சின்கிளேயர் என்ற புனைபெயரில் 1919இல் வெளியிட்டார். புதிய எழுத்தாளருக்கான பொன்டானே பரிசு அந்நூலுக்குக் கிடைத்தது. உண்மை வெளிப்பட்டதும் பரிசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு கையில் தூரிகை. மறு கையில் பெயரில்லாத பேனா. புகழ் பெற்ற ஒருவர் இரண்டு கைகளாலும் தொடக்கக்காரர் ஆக முயன்றதாகவே இதனை நான் வாசிக்கிறேன்.

அவரது ஆரம்பப் படங்கள் கனத்தவை. ஒளி புகாத வர்ணத்தில், தயங்கித் தயங்கித் தீட்டப்பட்டவை. 1919 வசந்தத்தில், குடும்பம் சிதறிய நிலையில், அவர் தனியராகச் சுவிற்சர்லாந்தின் தெற்கேயுள்ள மொன்டஞோலா கிராமத்துக்குப் போனார். பணம் இல்லை. ஒரு பழைய மாளிகையின் சில அறைகளே வீடு. அந்தக் கோடையில் நாள்தோறும் சிறிய மடிப்பு முக்காலியும் வர்ணப் பெட்டியுமாகத் திராட்சைத் தோட்டங்களிடையே சென்று உட்கார்ந்தார். படங்களும் திறந்துகொண்டன. வீடுகள் சதுரங்களாயின, மலைகள் முக்கோணங்களாயின, சிவப்பும் மஞ்சளும் கூச்சமின்றி அருகருகே வந்தன. மனிதர்கள் அதிகம் இல்லை. மனித உருவம் வரைவது கடினம் என்பதும் காரணமாயிருக்கலாம். அதை யார் கேட்கப் போகிறார்கள்? தமக்கு முடிந்ததைத் திரும்பத் திரும்ப வரைந்தார். ஒரே கிராமம், ஒரே ஏரி, ஒரே கூரைகள்.

எண்ணம் மாறியதோடு பொருளும் உதவவேண்டும். பலருடைய பாடசாலைத் தோல்விக்குக் கைமட்டும் காரணமன்று. சித்திரக் கொப்பியின் மெல்லிய தாளும் காரணம். நீர் பட்டதும் அது அலை அலையாக எழும். பள்ளங்களில் வர்ணம் தேங்கிச் சேறாகும். சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த கடதாசியில் அதே கை வேறு கையாகிவிடும். முழுத்தாள் வேண்டியதில்லை, தபாலட்டை அளவுத் துண்டே போதும். சிறு துண்டு பழுதானால் துக்கமும் சிறிதே. மூன்று நான்கு வர்ணங்களுக்கு மேல் வாங்குவது தொடக்கத்தில் வீண். எல்லாவற்றையும் கலந்தால் மண்ணிறந்தான் மிஞ்சும். எஞ்சியது பொறுமை. முதற் பூச்சு காயும்வரை தூரிகையைக் கீழே வைத்திருக்கத் தெரிந்தால் பாதி வித்தை கைவந்தது. சோளகக் காற்று வீசும் யாழ்ப்பாணத்து முற்றத்தில் அது சில நிமிடங்களிற் காய்ந்துவிடும். கொழும்பின் மாரிகாலத்தில் ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்தாலும் ஈரமாகவே இருக்கும்.

ஹெஸ்ஸேயிடம் திரும்புவோம். அந்த 1919 கோடையிலேயே அவர் எழுதிய குறுநாவல் 'கிளிங்சோரின் கடைசிக் கோடை'. அதன் நாயகன் நாற்பத்திரண்டு வயது ஓவியன். ஹெஸ்ஸேக்கும் அப்போது அதே வயது. கதையில் வரும் லூயி என்னும் நண்பன், ஓவியர் லூயி முவாலியேயின் சாயல். வர்ணங்களின் பெயர்கள் அந்த உரைநடையில் மந்திரம்போல் ஒலிக்கின்றன. முன்னைய நாவல்களின் அடக்கமான நடை எங்கோ போய்விட்டது. ஓவியம் இல்லாதிருந்தால் எழுத்தாளராகத் தாம் இவ்வளவு தூரம் வந்திருக்க முடியாது என்ற பொருளில் அவர் பின்னர் எழுதியிருப்பது வெறும் பணிவுரையன்று. 'சித்தார்த்தா'வில் நதியைக் கவனித்துக் கேட்கும் அந்தப் பொறுமைக்கும், தண்ணீர் தன்பாட்டில் ஓடிக் காயும்வரை காத்திருந்த இந்தப் பழக்கத்துக்கும் உறவு இருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நிரூபிக்க முடியாத ஊகம். ஆயினும் விட்டுவிட மனமில்லை.

1920இல் பாசல் நகரில் அவரது ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அதே ஆண்டு அவர் வெளியிட்ட 'அலைதல்' என்னும் நூலில் அவரது வர்ணப் படங்களும் இடம்பெற்றன. ஆயினும் தம்மை அவர் தேர்ந்த ஓவியராகக் காட்டிக்கொள்ளவில்லை. படங்களின் முதற் பயனும் வேறு இடத்தில் இருந்தது. 1918 முதல், தமது கவிதைகளைக் கையால் எழுதி, ஒவ்வொன்றின் அருகிலும் சிறு நீர்வண்ணப் படம் தீட்டி, விரும்பியவர்களுக்கு விற்றார். கிடைத்த பணம் போர்க் கைதிகளுக்கு நூல்கள் வாங்கப் போயிற்று. 1922இல் எழுதிய 'பிக்டோரின் உருமாற்றங்கள்' என்ற சிறு தேவதைக் கதையையும் இவ்வாறே கையெழுத்துப் பிரதிகளாகப் படத்துடன் ஆக்கிக் கொடுத்தார். ஒரு பிரதியின் படம் மற்றதைப்போல் இருக்காது. நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களின் தலைப்பிலும் ஒரு மரமோ, ஒரு கூரையோ, ஏரியின் ஒரு துண்டோ இருக்கும். 1962இல் மொன்டஞோலாவிலேயே அவர் காலமானார். அவ்வூரில் 1997இல் திறக்கப்பட்ட அவரது நினைவு அருங்காட்சியகத்தில், எழுத்துப் பிரதிகளோடு இந்த நீர்வண்ணங்களையும் பார்க்கலாம்.