அங்காக் அரிசிக்குள் ஒரு மாத்திரை

"கொழுப்புக்கு அரசாங்க கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு, சிவப்பு ஈஸ்ட் அரிசி கேப்சூலுக்கு மாறலாமா? அது இயற்கைதானே?" என்று குளுவாங் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இந்தச் சந்தேகம் பல வீடுகளில் இருக்கும். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி, மலேசியாவில் பெரியவர்கள் மூவரில் ஒருவருக்கு ரத்தத்தில் கொழுப்பு அதிகம். அவருக்கான என் பதில் இதுதான்: மாறுவதற்கு அங்கே வேறு மருந்தே இல்லை.

இது மாப்பிள்ளைச் சம்பா போன்ற சிவப்பரிசி ரகம் அல்ல. சாதாரண வெள்ளை அரிசியை வேகவைத்து ஆறவிட்டு, மொனாஸ்கஸ் என்ற பூஞ்சையைக் கலந்து புளிக்கவைத்துக் காயவைத்தது. மலாயில் இதை அங்காக் என்பார்கள். கருஞ்சிவப்பு மணியை விரலால் நசுக்கினால் பொடியும். உள்ளேயும் சிவப்பு ஊறியிருக்கும். ஜொகூரில் இதன் சுவை தெரிய யோங் பெங் போக வேண்டும். அங்குள்ள பூச்சோவ் சீனர்கள் புலுட் அரிசியோடு அங்காக்கும் ஈஸ்டும் சேர்த்து ஊறவைத்துச் செந்நிற மது எடுப்பார்கள். வடிகட்டியபின் தங்கும் சிவப்பு மண்டியில் கோழியைச் சமைத்து, மெல்லிய மீ சுவாவோடு பரிமாறுவார்கள். பிள்ளை பெற்றவளுக்கும் பிறந்தநாள் வீட்டுக்கும் உரிய உணவு அது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சீனாவில் இது பல நூற்றாண்டுப் பழக்கம். ஜாவாவிலிருந்து வந்த அங்காக்கில் இருந்த பூஞ்சைக்கு 1895இல் பெயர் வைத்தவர் டச்சுத் தாவரவியலாளர் வெந்த். ஜப்பானின் அகிரா எண்டோ, எதிரிக் கிருமிகளை அடக்கப் பூஞ்சைகள் ஏதாவது தயாரிக்கும் என்று நம்பி, கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருளைத் தேடி ஆயிரக்கணக்கான நுண்ணுயிர்களைச் சலித்தார். 1979இல் மொனாஸ்கஸிலிருந்து மொனாகோலின் கே என்ற பொருளைப் பிரித்தார். அதே மூலக்கூறை வேறொரு பூஞ்சையிலிருந்து எடுத்த மெர்க் நிறுவனம், லோவாஸ்டாட்டின் என்ற பெயரில் 1987இல் அமெரிக்காவில் மருந்தாக விற்க அனுமதி பெற்றது. நம் கிளினிக்குகளில் பலருக்கும் கிடைக்கும் சிம்வாஸ்டாட்டின், அதே மூலக்கூறோடு ஒரே ஒரு மெத்தில் தொகுதி கூட்டியது.

இனிதான் விஷயத்தின் அழகே. கொலஸ்ட்ராலைப் பெரும்பாலும் நம் உடலே தயாரிக்கிறது. கல்லீரல் செல்லை ஒரு வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே கொலஸ்ட்ராலைச் சமைக்கும் அடுப்புதான் எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ் என்ற நொதி. வெளியே ரத்தம் என்ற தெருவெங்கும் சாப்பாட்டுப் பை மாட்டிய மோட்டார் சைக்கிள்கள் ஓடுகின்றன. அவைதான் எல்டிஎல், நாம் 'கெட்ட கொழுப்பு' என்று சொல்வது. வீட்டில் சமையல் நடக்கும்வரை அவற்றை யாரும் கூப்பிடுவதில்லை. தெரு நெரிசலாகிறது, அவை ரத்தக்குழாய்ச் சுவரில் மோதிப் படிகின்றன. மொனாகோலின் கே அடுப்பில் வைக்கவேண்டிய பாத்திரத்தைப் போலவே உருவம் கொண்டது. உண்மையான பாத்திரத்தைவிடப் பல ஆயிரம் மடங்கு இறுக்கமாக உட்கார்ந்து அடுப்பை அடைத்துவிடுகிறது.

வீட்டில் சாப்பாடு குறைந்ததும் செல் தன் மரபணுக்களைத் தட்டியெழுப்பி, தெருப்பக்கம் புதிய வாசல்களைத் திறக்கிறது. ஒவ்வொரு வாசலும் ஒரு வண்டியை உள்ளே இழுத்துவிட்டு, சுமார் பத்து நிமிடத்தில் மறுபடி தெருவுக்கு வந்து நிற்கும். ரத்தத்தில் எல்டிஎல் இறங்க முக்கியக் காரணம் சமையல் குறைந்ததல்ல, வாசல்கள் பெருகியதுதான். இந்த வாசல்களைக் கண்டறிந்த பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். பரம்பரையாக வாசலே பழுதானவர்களுக்கு இந்த மருந்து ஏன் போதிய பலன் தருவதில்லை என்பதும் இதனால் விளங்கும். பசித்த வீடு சும்மா இருக்காது, புதிய அடுப்புகளையும் கட்டும். மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்கினாலும் எல்டிஎல் கூடுதலாகச் சுமார் 6 விழுக்காடே குறைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே அங்காக் வேலை செய்யும். 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 83 பேரில் இதை எடுத்துக்கொண்ட பிரிவினருக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 8 வாரத்தில் லிட்டருக்கு 6.57இலிருந்து 5.38 மில்லிமோலாக இறங்கியது. ஆனால் வேலை செய்வது மருந்து என்றால் மருந்தின் தொல்லைகளும் கூடவே வரும்: தசைவலி, அரிதாகத் தசைச் சிதைவு, கல்லீரல் பாதிப்பு. கர்ப்பிணிகள் தொடக்கூடாது. கிளாரித்ரோமைசின் போன்ற சில மருந்துகளோடு சேர்ந்தால் ஆபத்து கூடும். டாக்டர் தந்த மாத்திரையோடு இதையும் விழுங்குவது ஒரே வகை மருந்தை இரண்டு முறை எடுப்பதே.

மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கும். கேப்சூலில் அந்த உறுதி இல்லை. அமெரிக்காவில் 28 நிறுவனங்களின் கேப்சூல்களைச் சோதித்து 2017இல் வெளியான ஆய்வில், இரண்டில் மொனாகோலின் கே அறவே இல்லை. மற்றவற்றுக்குள் 60 மடங்கு வித்தியாசம். 2010இல் வெளியான இன்னோர் ஆய்வில் 12 கேப்சூல்களில் நான்கில் சிட்ரினின் அதிகமாக இருந்தது. சில மொனாஸ்கஸ் வகைகளே சுரக்கும் சிறுநீரக நஞ்சு அது. 2024 மார்ச்சில் ஜப்பானின் கோபயாஷி நிறுவனம் தன் கேப்சூல்களைத் திரும்பப் பெற்றது. அவற்றை எடுத்துக்கொண்ட நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அங்கே நுழைந்திருந்தது வேறொரு நீலப் பூஞ்சையின் நஞ்சு. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் ஒரு நாளுக்கான மொனாகோலின் அளவு 3 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும் என்று விதித்தது வீணாக அல்ல.

குளுவாங் வாசகரே, யோங் பெங்கில் ஒரு கிண்ணம் மீ சுவாவை ரசித்துச் சாப்பிடுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஏற்கெனவே கேப்சூல் எடுக்கிறீர்கள் என்றால், புட்டியையே கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அதில் எம்ஏஎல் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் இலக்கங்களை அடுத்து வரும் எழுத்து டி (T) என்றால் பாரம்பரிய மருந்தாகப் பதிவானது. அந்த எழுத்து உங்கள் கொழுப்பு எவ்வளவு குறையும் என்பதற்கு உத்தரவாதம் தராது. அதை உங்கள் அடுத்த ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். அடுப்பை அணைக்கும் மருந்து எவ்வளவு உள்ளே போகிறது என்று தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. அதைச் சொல்லாத புட்டிக்குப் பணம் கொடுக்காதீர்கள்.